கொலைஞன் காவலன் ஆவானோ?

கதை கேட்டல் மலையகத்தார்க்குப் புதிதன்று. மாசி மாதத்து இரவுகளிற் காமன்கூத்து ஆடப்பட்ட காலத்தும், பொன்னர் சங்கர் கதை விடியவிடிய நிகழ்ந்த காலத்தும், லயத்து வாசலிற் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்து கேட்டு வளர்ந்தவர் நாம். பின்னர் வானொலிப்பெட்டி வந்தது. ‘லண்டன் கந்தையா’வுக்குச் சிரித்ததும், ‘தணியாத தாகம்’ கேட்டுக் கண் கலங்கியதும் நம்முள் மூத்தோர் பலர்க்கு இன்றும் நினைவிருக்கும். இப்பொழுது கைத்தொலைபேசி வழியே ஒலிநூல் வந்துவிட்டது. டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்குக் காலையில் வரும் பேருந்திற் பாருங்கள். பாடசாலைப் பிள்ளையாயினுஞ் சரி, விடுமுறை முடிந்து கொழும்புக் கடைக்குத் திரும்பும் இளைஞராயினுஞ் சரி, செவியிலே எதையோ பொருத்திக்கொண்டு தமக்குள்ளே ஆழ்ந்திருப்பார்.

அவ்வாறு ஆழ்ந்திருந்த மாணவன் ஒருவனை, “தம்பி, என்ன கேட்கிறாய்?” என்று அண்மையில் வினவினோம். “கொலைகாரன் கதை, சேர். ஆனா அவன் நல்லவன்” என்று அவன் விடையிறுத்தான். அவ்விடை சில நாட்களாக எம்மை விட்டு அகலவில்லை. நமது கல்லூரியின் விழா மலரில் எழுதும் வாய்ப்புக் கிட்டியபோது, அதனையே பொருளாகக் கொள்ளத் துணிந்தோம்.

இவ்வகைக் கதைகளின் கட்டுக்கோப்பு பெரும்பாலும் ஒன்றே. ஒரு நகரம், அதனை ஆட்டிப்படைக்கும் பாதாள உலகத் தலைவன், அவனிடம் பணம்பெறும் அரசியல்வாதி, விலைபோன காவலதிகாரி, கைகட்டி நிற்கும் நீதிமன்றம். இவற்றுக்கெதிராக முகங்காட்டாத கொலைஞர் சிலர் புறப்படுகின்றனர். தீயோரை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகின்றனர். முடிவில் நகரம் தூய்மை பெறுகின்றது. 1996ஆம் ஆண்டு வெளிவந்த ‘இந்தியன்’ திரைப்படத்திலே, இலஞ்சம் வாங்கிய அதிகாரிகளை வர்மக்கலை வல்ல முதியவர் ஒருவர் கொன்றதைக் கண்டு கொட்டகைகள் ஆரவாரித்ததை நாம் மறந்திலோம். ஒலிநூல் அதனினும் ஒருபடி நெருங்கி வருவது. திரையிலே கொலையைக் கண்ணாற் காண்கின்றோம். ஒலிநூலிலோ கொலைஞனின் மூச்சு நம் செவிக்குள்ளேயே கேட்கின்றது. அவன் எண்ணம் நம் எண்ணம்போல் ஆகிவிடுகின்றது.

இதனைச் சுவைப்போரை நாம் இகழவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவன், கைக்கூலி கேட்ட கையைக் கண்டவன், கதையிலாவது அக்கை ஒடிவதைக் கேட்டு மகிழ்வது மனித இயல்பு. ஆயின், கதை கேட்ட பின்னர் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. உண்மை உலகிலே மறைந்திருந்து கொல்பவன் யாருடைய ஆள்?

நமது நாட்டு வரலாறே இதற்கு விடை பகரும். 1959ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆந் தேதி, கொழும்பு ரொஸ்மீட் பிளேசிலுள்ள தமது இல்லத்திலே பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். துவராடை அணிந்து வந்திருந்த தல்துவே சோமாராமவை அவர் பணிந்து வணங்கினார். வணங்கியவரை வந்தவர் சுட்டார். மறுநாட் பிரதமர் உயிர்நீத்தார். அச்சதியின் தலைவராகத் தண்டிக்கப்பட்டவர் களனி விகாரையின் அதிபதியாயிருந்த மாப்பிட்டிகம புத்தரக்கித்த. 1956ஆம் ஆண்டுத் தேர்தலிலே பண்டாரநாயக்கவின் வெற்றிக்கு முன்னின்று உழைத்தவர் அவரே. அவர் சார்ந்த வணிகக் குழுவினர் நாடிய கப்பல் ஒப்பந்தம் கைகூடாமற் போனமை பகைக்குக் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. கொலைஞன் அங்கே ஊழலை ஒழிக்க வந்தவனல்லன். பேராசையின் ஏவலாளாக வந்தவன்.

அவ்வழக்கில் மற்றொரு செய்தியும் சிந்திக்கற்பாலது. மரணதண்டனையை இடைநிறுத்தியது பண்டாரநாயக்கவின் அரசாங்கமே. அவர் கொலையுண்ட பின்னர் அத்தண்டனை மீண்டுங் கொண்டுவரப்பட்டது. சோமாராம 1962ஆம் ஆண்டு யூலையிலே தூக்கிலிடப்பட்டார். ஆயினும், சதிக்குற்றத்துக்கு அப்புதிய சட்டம் பின்னோக்கிப் பொருந்தாது எனக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், புத்தரக்கித்தவினதும் அவர் கூட்டாளியினதும் மரணதண்டனையை ஆயுட்சிறையாக மாற்றியது. நாடே கொதித்திருந்த வேளையிலும், பிரதமரைக் கொல்லச் சதிசெய்தோர்க்கும் சட்டத்தின் எழுத்து பார்க்கப்பட்டது. ஒலிநூல் நாயகனுக்கு இப்பொறுமை இல்லை. அதனாலேயே அவனைக் கேட்பது விறுவிறுப்பாயிருக்கின்றது. அதனாலேயே அவன் ஆளும் நாட்டில் வாழ்வது அச்சத்துக்குரியது.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்றையுங் கூறுவோம். ‘சண்டே லீடர்’ பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, ஆட்சியாளரின் ஊழல்களைத் தம் எழுதுகோலால் வெளிக்கொணர்ந்தவர். 2009ஆம் ஆண்டு சனவரி 8ஆந் தேதி அலுவலகஞ் செல்லும் வழியில் அவர் தாக்கப்பட்டு மாண்டார். பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்கொலைக்காக எவரும் தண்டனை பெற்றிலர். கதையிலே கொலைஞன் ஊழல்காரனைத் தேடிச் செல்கின்றான். உண்மையிலோ ஊழலை எழுதியவனைத் தேடிக் கொலைஞன் வருகின்றான்.

பாதாள உலகத்துக்குப் பேர்போன சிசிலித் தீவின் கதையும் இதுவே. அங்கு மாபியாக் கூட்டத்தை நடுங்கவைத்தவர் துப்பாக்கி ஏந்திய எவருமல்லர். கோப்புகளோடும் வங்கிக் கணக்குகளோடும் இரவுபகலாக உழைத்த ஜியோவன்னி பால்கோனே, பாவோலோ போர்செல்லினோ என்னும் நீதித்துறையினர் இருவர். 1986ஆம் ஆண்டு பலேர்மோ நகரில் தொடங்கிய பெருவழக்கில் நானூறுக்கு மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1987ஆம் ஆண்டு டிசெம்பரில் 338 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1992ஆம் ஆண்டு சனவரியில் நாட்டின் உயர்நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதற்குப் பழிவாங்க மாபியா கொலைஞரை ஏவியது. அவ்வாண்டு மே 23ஆந் தேதி பால்கோனேயும், யூலை 19ஆந் தேதி போர்செல்லினோவும் வெடிகுண்டுக்கு இரையாயினர். இங்கும் கொலைஞர் நின்ற பக்கம் எதுவென்பதை வாசகர் நோக்குக.

எனினும், நம்மவர்க்கு நம் இலக்கியத்திலும் மிக்க சான்று வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்திலே கோவலன் மாண்டது எவ்வாறு? அரண்மனைச் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே பழியைக் கோவலன்மீது சுமத்தினான். மன்னன் ஆராயாது ஆணையிட்டான். ஏவப்பட்டோருள் ஒருவன் வெட்டிவீழ்த்தினான். ஒருவன் சொல்லைக் கேட்டு, மற்றவனை வினவாமல், உயிரைப் போக்குதல் — நமது ஒலிநூல் நாயகனின் தொழிலும் இதுவேயன்றோ? அவன் ஒருமுறையும் ஆளை மாற்றிக் கொல்லாமைக்குக் காரணம் அவன் திறமையன்று, கதாசிரியரின் தயவு. கண்ணகி செய்தது யாது? வாயிலோனை விளித்து, அவை புகுந்து, தன் பெயரும் ஊரும் உரைத்து, சான்றுப்பொருளை எல்லோர் கண்முன்னும் உடைத்துக் காட்டினாள். குற்றவாளி தானே என்று மன்னன் தன் வாயாலேயே ஒப்பினான். மதுரை எரிந்தது அதன் பின்னரே. பெயரை மறையாது, முகத்தை மறையாது, சான்றோடு சென்று நிற்றலே கண்ணகி வழி. இருளில் நின்று வெட்டுபவன் கோவலனைக் கொன்றவன் வழியினனேயாவான்.

இவ்விடத்தில் எம் நண்பர் சிலர் வெகுளக்கூடும். “சட்டம் சட்டம் என்கிறீர்களே, மலையகத்தானுக்குச் சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கவில்லையா? கோடாகன்பிள்ளை வழக்கில் 1953ஆம் ஆண்டு இலண்டன் பிரிவுக் கவுன்சிலும் கைவிடவில்லையா?” என்பர். மெய்யே, நாம் மறுக்கவில்லை. சட்டமே அநீதி செய்ததை நம்மினும் நன்கறிந்தார் இந்நாட்டில் இலர். ஆயின் அந்த அநீதி எவ்வாறு துடைக்கப்பட்டது? 1952ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தாலும், சங்கங்களாலும், மனுக்களாலும், வாக்குப் பலத்தாலும், பல்லாண்டுப் பேச்சுவார்த்தையாலும் படிப்படியாகத் தேய்ந்து, எஞ்சியோர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை கிட்டியது. அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அது நீதியின் வெட்கமே. ஆனால் அந்த வெற்றியில் ஒரு கொலைஞனுக்கும் பங்கில்லை.

இம்மலைகளின் பழைய ஏடுகளையும் புரட்டுக. 1937ஆம் ஆண்டு, தோட்டத்துரைமாரின் கொடுமைகளை மேடையேறிக் கூறிய பிரேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞரை நாடுகடத்தத் தேசாதிபதி ஆணையிட்டார். ஆட்கொணர்வு மனுவின்மீது உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது. 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுடப்பட்டு மாண்டார். அதற்குப் பதிலாக எவரும் இருளில் ஒரு கத்தியைத் தேடவில்லை, விசாரணை கோரினர், விசாரணை ஆணைக்குழு அமைந்தது. ஹட்டனை நிலைக்களனாகக் கொண்ட கோ. நடேசையர் பத்திரிகையாலும் சங்கத்தாலும் போராடினார்; அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டந்தோறும் பாடினார். இவர்கள் எல்லாரும் முகமும் பெயரும் உடையோர். அதனாலேயே இன்றும் நினைக்கப்படுகின்றனர்.

மறைகொலைக் கதையின் உண்மையான தீங்கு, கேட்பவன் கத்தி எடுத்துவிடுவான் என்பதன்று; அவன் எதனையும் எடுக்காதிருந்துவிடுவான் என்பதே. யாரோ ஒருவன் வருவான், எல்லாவற்றையும் முடிப்பான் என்று செவியை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகியவன், தன் ஊர்ப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்றென்று கேட்கமாட்டான். கேட்கும் உரிமையோ இன்று சட்டமாயிருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டுப் பிரசை எவரும் பிரதேச சபைக்கோ திணைக்களத்துக்கோ எழுதிக் கணக்குக் கேட்கலாம், காரணங் கூறவேண்டுவதில்லை. பதினான்கு வேலைநாட்களுள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அதிகாரி அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடும், அதற்கென அமைந்த ஆணைக்குழுவும் உண்டு. ஒரு தாள், ஓர் எழுதுகோல், கீழே ஒரு கையொப்பம். இவற்றைக்கொண்டு விறுவிறுப்பான ஒலிநூல் எதுவும் ஆக்கவியலாதுதான். ஆயினும் பால்கோனேயின் கருவிகளும் இவையே.

ஆதலின் மாணவத் தம்பியரே, கதை கேளுங்கள், தடையில்லை. கேட்டு முடிந்தபின் செவியிலுள்ளதை எடுத்துவிட்டு, உங்கள் ஊரில் விடை கிட்டாத வினா ஒன்றைத் தெரிந்து, உங்கள் பெயரிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பழைய மாணவரே, அப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து அக்கடிதத்தைத் திருத்திக் கொடுங்கள். ஆசிரியப் பெருமக்களே, சிலப்பதிகார வழக்குரை காதையைப் பரீட்சைக்காக மட்டுங் கற்பியாதீர்கள். பேருந்திலே கண்ட அந்தப் பிள்ளையை மறுமுறை சந்திக்கும்போது, “கொலைகாரன் நல்லவனாயிருக்கலாம், தம்பி, அதை யார் விசாரித்தார்கள்?” என்று கேட்க எண்ணியுள்ளோம். அவன் சிறிது நேரமாவது யோசிப்பானாயின், நமது கல்லூரி தன் கடமையைச் செய்ததென்று மகிழ்வோம்.