மூளைச்சலவைக்கும் ஒரு வரிசை இருக்கு

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு நண்பனின் அறையில் அவனுடைய இறுதியாண்டு ஆய்வைப் பார்த்தேன். தலையில் தொப்பி மாட்டிப் பதிவுசெய்த ஈ.ஈ.ஜி. தரவு. மூளை அலையோடு கண் சிமிட்டல், தசை, கரண்ட் இரைச்சல் எல்லாம் சேர்ந்து வரும். அதைச் சுத்தம் செய்யும் கோடில் 60 ஹேர்ட்ஸை வெட்டு எண்டு கிடக்குது. மச்சான், வெள்ளவத்தையில் பதிஞ்சால் என்ன, கொட்டாஞ்சேனையில் பதிஞ்சால் என்ன, இலங்கையில் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். 60 அமெரிக்காவில். ஈ.ஈ.ஜி.லாப் மென்பொருள் சான் டியாகோவில் பிறந்தது. அங்கத்தைய பாடத்தை அப்படியே கொப்பி அடிச்சால் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இலக்கப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். வரிசைப் பிழை தெரியாது. எந்தப் படியை முதலில் போட்டாலும் மென்பொருள் ஓடும், அழகான வரைபடமும் தரும்.

ஒரு கணக்குப் பாருங்கோ. 32 சனல். ஒன்றின் ஜெல் காய்ந்து 640 மைக்ரோவோல்ட் இரைச்சல் அடிக்குது. அதைத் தூக்காமல் எல்லாச் சனல்களின் சராசரியைக் கழிச்சால் மற்ற 31இலும் 20 மைக்ரோவோல்ட் குப்பை ஏறும். மூளையின் அலையே சில பத்து மைக்ரோவோல்ட்தான். கெட்ட சனலைப் பிறகு தூக்கி என்ன பிரயோசனம்?

எங்கட ஆக்கள் தரவைச் செக்கன் செக்கனாக வெட்டிப்போட்டுப் பிறகு ஃபில்டர் போடினம். மெதுவான அலைகளை நீக்கும் ஃபில்டருக்குப் பல செக்கன் நீளம் வேணும். ஒரு செக்கன் துண்டில் ஓரமெல்லாம் கோணும்.

கண் சிமிட்டலைப் பிரிக்கிற ஐ.சி.ஏ.யில்தான் பெரிய சண்டை. 1 ஹேர்ட்ஸுக்குக் கீழே நீக்கினால் அது நன்றாகப் பிரிக்கும். ஆனால் பி300 போன்ற மெதுவான அலை நெளிஞ்சு போகும். வழி இருக்கு: 1 ஹேர்ட்ஸ் பிரதியில் ஐ.சி.ஏ. ஓட்டி, கிடைக்கும் நிறைகளை 0.1 ஹேர்ட்ஸ் பிரதியில் பொருத்தலாம். (சில வரிக் கோட்தான். சோம்பல், வேறொன்றுமில்லை.)

'எல்லாரும் இப்படித்தான் செய்யினம்' எண்டு சொல்லாதேங்கோ. ஈ.ஈ.ஜி.லாபை உருவாக்கியவர்களில் ஒருவரான அர்னோ டெலோர்ம், ஈ.ஈ.ஜி.யைச் சீண்டாமல் விடுவதே மேல் என்ற பொருளில் தலைப்பிட்டே 2023இல் ஒரு கட்டுரை எழுதினார். மெதுவான அலைகளை நீக்குவதும் கெட்ட சனலை அயல் சனல்களை வைத்து நிரப்புவதும் தவிர, அவர் சோதித்த தானியங்கிச் சுத்திகரிப்புகள் நம்பத்தக்க பயன் தரவில்லை. சில கெடுத்தே விட்டன.

ஆகவே ஆய்வறிக்கையில் 'தரவு சுத்தம் செய்யப்பட்டது' எண்ட ஒற்றை வரி எனக்குப் போதாது. என்ன செய்தீங்கள், எதுக்குப் பிறகு எது, எழுதுங்கோ. தலைமயிரில் ஜெல் பூசி அசையாமல் இருந்து தந்தவர்களுக்கு அதையாவது செய்ய வேணும்.

நண்பன் 60ஐ 50 ஆக்கிவிட்டான். வரிசையை மாத்தினால் முடிவு மாறுதோ எண்டு ஒருக்கா ஓட்டிப் பார் எண்டேன். சமர்ப்பிச்ச பிறகு பார்க்கிறானாம்.