வாயில்லா ஜீவனின் வாய்

"கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆதாயம் வரும் இடத்தில் முன்னே நின்று, உழைப்பு என்றதும் பின்வாங்கும் மனிதரைக் குறித்து எழுந்த பழமொழி இது. மனிதரைப் பொறுத்தமட்டில் இது பொருத்தமாகவே இருக்கலாம். ஆனால் குதிரையைப் பொறுத்தமட்டில் இது நியாயந்தானா என்ற ஐயம் சென்ற தை மாதத்தில் எனக்கு உண்டாயிற்று. அந்த ஐயம் எவ்வாறு தோன்றி எவ்வாறு தீர்ந்தது என்பதையே இம்மாதம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தலைநகரில் வாழும் நம்மவர்க்குக் கல்யாணக் குதிரை புதிய காட்சியன்று. முகூர்த்த காலம் வந்துவிட்டால் மாலைதோறும் ஏதேனும் ஒரு தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்துகொண்டேயிருக்கும். அன்று எங்கள் தெருவிலும் ஒன்று வந்தது. வாத்திய கோஷ்டியும் விளக்குகளும் முன்னே செல்ல, சரிகைத் துணி போர்த்த வெண்ணிறப் பெண்குதிரைமீது மாப்பிள்ளை அமர்ந்திருந்தார். குதிரையோ ஒரு கணமும் நிலைகொள்ளவில்லை. லகானை இழுக்குந்தோறும் தலையை மேலே உதறிற்று. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தது. வாயோரத்தில் எச்சில் நூலாக வழிந்தது. குதிரைக்காரர் அதட்டினார்; பிறகு கையிலிருந்த கோலால் ஓர் அடியும் வைத்தார்.

"சண்டிக் குதிரை போலிருக்கிறதே!" என்றேன் நான்.

என் அருகில் நின்றவர் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் முதியவர், மீரட் நகரில் இராணுவக் குதிரைகளின் வைத்தியராகப் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், தஞ்சைப் பக்கத்தார். அவர் தலையை அசைத்தார். "சண்டித்தனம் அன்று, தம்பி. அதற்குப் பல் வலிக்கிறது" என்றார்.

ஊர்வலம் முடிந்த பின்னர் அவர் குதிரைக்காரரிடம் சென்று, தோளில் கைவைத்து, இந்தியில் பரிவோடு ஏதோ பேசினார். மறுநாள் காலை நாங்கள் மூவரும் குதிரையோடு கால்நடை மருத்துவமனை வாசலில் நின்றோம்.

அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர் குதிரைக்கு உணர்வைத் தணிக்கும் ஊசி ஒன்று போட்டார். சில நிமிடங்களில் அது நின்றபடியே தலையைத் தொங்கவிட்டது. வாயைத் திறந்து நிறுத்தும் இரும்புக் கருவியைப் பொருத்தி, நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் உள்ளே பார்த்தார். பிறகு குதிரைக்காரரின் கையைப் பிடித்து, மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வெளிவிளிம்பில் அவர் விரலை மெல்ல வைத்தார். அந்த மனிதர் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். கத்தி முனைபோல் இருந்ததாம். அம்முனைக்கு நேரே கன்னத்தின் உட்புறம் முழுதும் புண்ணாகியிருந்தது. கடிவாளம் பூட்டி லகானை இழுக்கும்போதெல்லாம் வாரும் இரும்பும் அந்தக் கன்னத்தைப் பல்லின்மீது அழுத்தின. அது தலையை உதறாமல் வேறென்ன செய்யும்?

இவ்வாறு பல் கூர்மையாவது ஏன் என்பதை முதியவர் எனக்கு விளக்கினார். மனிதனுக்குப் பல் முளைத்து முடிந்தால் முடிந்ததுதான். குதிரைக்கோ அப்படியன்று. இளங்குதிரையின் கடைவாய்ப் பல் ஏறக்குறைய மூன்று அங்குலத்துக்கு மேல் நீளமுள்ளது. அதில் பெரும்பகுதி தாடையெலும்புக்குள் புதைந்திருக்கும். புல்லை அரைத்து அரைத்துப் பல் தேயத் தேய, உள்ளிருக்கும் பகுதி ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வீதம் வெளியே வந்துகொண்டிருக்கும். இது இயற்கை வைத்திருக்கும் சேமநிதி. இந்த நிதி இருபது வயதுக்குமேல் மெல்லத் தீர்ந்து, பல் ஆட்டங்கண்டு விழத் தொடங்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. குதிரையின் மேல்தாடை அகலமானது, கீழ்த்தாடை குறுகலானது. ஆகையால் மேற்பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் எதிர்ப்பல்லோடு முழுமையாக உராய்வதில்லை. உராயாத ஓரம் தேயாது. தேயாத ஓரம் கூராகும். மேலே உள்ள கூர் கன்னத்தைக் கிழிக்கும். கீழே உள்ள கூர் நாக்கை அறுக்கும். திறந்த வெளியில் நாளின் பெரும்பகுதியும் புல் மேயும் குதிரைக்குத் தாடை பக்கவாட்டில் அகலமாக அசைவதால் இத்தொல்லை குறைவு. லாயத்தில் கட்டிவைத்துக் கொள்ளும் கடலையும் தவிடும் கொடுக்கும்போது தாடையின் அசைவு சுருங்குகிறது. மெல்லும் நேரமும் குறைகிறது. நாம் அன்போடு ஊட்டும் தானியமே அதன் வாய்க்குக் கேடாக முடிவது விந்தையல்லவா!

வளர்ந்த குதிரைக்கு முன்பற்கள் 12, கடைவாய்ப் பற்கள் 24. ஆண்குதிரைக்குப் பெரும்பாலும் கோரைப்பற்கள் நான்கும் சேர்ந்து 40 ஆகும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே பல்லில்லாத வெற்றிடம் ஒன்றுண்டு. மனிதன் கடிவாள இரும்பைக் கொண்டுபோய் வைப்பது அங்கேதான். சில குதிரைகளுக்கு அவ்விடத்தின் பின்கோடியில், கடைவாய்ப் பல் வரிசைக்குச் சற்று முன்னே, சிறு பல் ஒன்று முளைத்து நிற்கும். மேல்நாட்டார் இதனை 'ஓநாய்ப் பல்' என்பர். இப்பல் கடிவாளத்துக்கு இடைஞ்சலாகக் கூடுமாகையால், குதிரையைப் பழக்குமுன் மருத்துவர் இதனை எடுத்துவிடுவது வழக்கம்.

இந்த வழக்கம் மிகப் பழையது. மங்கோலியாவில் அகழ்ந்தெடுத்த குதிரை மண்டையோடுகளை வில்லியம் டெய்லர் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து, 2018-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டு மேய்ச்சற்குடிகள், கோணலாக முளைத்த குதிரைப் பல்லை அறுத்துச் சரிசெய்ய முயன்றிருக்கின்றனர். உலோகக் கடிவாளம் வந்து சேர்ந்த காலத்தில் ஓநாய்ப் பல்லைப் பிடுங்கும் வழக்கமும் தோன்றிவிட்டது. பிராணியின் வாயில் இரும்பை வைத்தவன், அந்த வாயைக் காக்கும் பொறுப்பையும் அன்றே ஏற்றுக்கொண்டான் என்பது இதன் கருத்து.

நம் கதைக்கு வருவோம். மருத்துவர் நீண்ட பிடியுள்ள அரம் ஒன்றை எடுத்துக் கூர்முனைகளை அராவினார். பார்ப்பதற்குப் பயங்கரமாகத் தோன்றினாலும், அம்முனைகளில் நரம்பு இல்லையாதலால் குதிரைக்கு வலிப்பதில்லை. ஆயினும் முனைக்கு மிக ஆழத்தில் அல்லாமலே உயிர்ப்பகுதி இருக்கிறது. ஆகவே மழமழப்பாக்க வேண்டும் என்ற ஆசையில் அளவுக்குமீறி அராவினால் பல்லே கெட்டுவிடும். மின்சாரத்தால் சுழலும் அரமாயின் சூடேறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. "ஊசியின் மயக்கம் முற்றும் தெளியும்வரை தீனி காட்ட வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்" என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார்.

முன்பல்லைப் பார்த்து அவர் சொன்ன மற்றொரு செய்தியும் உண்டு. குதிரைக்காரர் மூன்றாண்டுகளுக்கு முன் அதனை ஆறு வயதென்று நம்பி வாங்கியிருந்தார். மேல்வரிசை ஓரப் பல்லில் பத்தாம் வயதையொட்டித் தோன்றும் பள்ளக்கோடு பாதிவரை இறங்கியிருந்ததால், அதற்குப் பதினைந்தை ஒட்டிய வயது இருக்கலாம் என்றார் மருத்துவர். இக்கணக்கு தோராயமானதே. குதிரைக்காரர் முதலில் திகைத்தார்; பிறகு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே அவர் சொன்ன சொல் என் நெஞ்சைத் தொட்டது:

"பத்து வருஷமாகக் குதிரை வைத்துப் பிழைக்கிறேன், ஐயா. லாடத்துக்குத் தவறாமல் காசு கொடுத்திருக்கிறேன். வாங்குகிற அன்று பல்லைப் பார்த்ததோடு சரி. அப்புறம் ஒரு நாளும் வாய்க்குள் பார்த்ததில்லை."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பழமொழி. விலை கொடுத்து வாங்கினால் பார்க்கிறோம். அப்போதும் நாம் பார்ப்பது நம் பணத்துக்காகவேயன்றி, அதன் வலிக்காக அன்று.

குதிரையின் வாயை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பாற்பற்கள் இரண்டரை வயது முதல் ஐந்து வயதுக்குள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பதால், அக்காலத்திலும், முதுமையிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நலம். இடையில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பாதி மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழுதல், தலையைச் சாய்த்துத் தின்னல், மெதுவாகத் தின்னல், எச்சில் மிகுதியாக வழிதல், வாய் நாற்றம், இலத்தியில் முழுத்தானியமும் நீண்ட நாரும் காணப்படுதல், தீனி குறையாதிருந்தும் உடல் மெலிதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு மூக்குத்துளையில் மட்டும் துர்நாற்றத்தோடு சீழ் வடிந்தால், மேற்பல்லின் வேரில் சீழ்பிடித்திருக்கக்கூடும், தாமதம் கூடாது. சரியாக மெல்லாத தீனி குடலில் அடைத்து வயிற்றுவலியை உண்டாக்குவதும் உண்டு. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதை நினைத்தால் அதன் அபாயம் விளங்கும்.

இவ்வளவும் குதிரை வைத்திருப்போருக்கு. நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். கோடை விடுமுறையில் மாதேரானுக்கோ, வேறு மலையூருக்கோ சென்று குழந்தைகளைக் குதிரையேற்றி மகிழ்கிறோம். கல்யாணத்துக்கு வாடகைக் குதிரை அமர்த்துகிறோம். ஏறுமுன் ஒரு நிமிடம் நின்று அதன் வாயோரத்தைப் பாருங்கள். இரத்தமோ புண்ணோ இருந்தால் அதில் ஏறாதீர்கள். முள்ளும் குமிழும் வைத்த கடிவாளம் 1965-ஆம் ஆண்டின் விதிகளால் தடுக்கப்பட்டது. நோயுற்றுத் தகுதியிழந்த பிராணியை வேலைவாங்குவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, அந்த முதியவரைப்போல் தோளில் கைவைத்துச் சொல்வதே பயன் தரும். குதிரைக்காரரும் ஏழை, அவர் குடும்பத்தின் அடுப்பு அந்த ஜீவனை நம்பியே எரிகிறது. வாய் நன்றாக இருந்தால் போட்ட தீனி உடலில் ஒட்டும், வேலையும் அடியின்றி நடக்கும் என்பதை எடுத்துச் சொன்னால் அவர் கேளாதிருக்கமாட்டார்.

ஒரு மாதத்துக்குப் பின் அதே குதிரைக்காரரை வேறொரு ஊர்வலத்தில் கண்டேன். தீனித் தொட்டியின் கீழே இப்போது தானியம் சிந்துவதில்லை என்று மகிழ்வோடு சொன்னார். ஊர்வலம் புறப்படும் நேரம். அவர் கடிவாளத்தை எடுத்து நீட்டினார். குதிரை தலையை உதறவில்லை. தானே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

அன்று முதல் அந்தப் பழமொழியை நான் குதிரைமேல் ஏற்றிச் சொல்வதில்லை. வாயில்லா ஜீவன் என்கிறோம். அதற்கு வாய் இருக்கிறது. பேசுவதற்கில்லை, அவ்வளவுதான். கடிவாளமென்றதும் வாயை மூடுகிறதென்றால், முதலில் அந்த வாய்க்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்போமாக.