கடைத்தெரு கட்டிய பள்ளி

தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் ஒப்படைத்த செய்தி அதில் இருக்கிறது. சரக்கு விற்கக் கடல் கடந்து போனவர்கள், போன ஊரின் தண்ணீருக்கும் பொறுப்பேற்றிருக்கிறார்கள். நானூறு ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டுப் பிரான்மலையில் வணிகர்கள் கூடி, மிளகு, பாக்கு, உப்பு, இரும்பு என்று சரக்குவாரியாகக் கோயில் திருப்பணிக்கு எவ்வளவு தருவது என முடிவெடுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இந்த வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது விருதுநகர். அங்கே நாடார் வணிகர்கள் விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். வண்டிகள் தங்கும் பேட்டையும் கோயிலும் அந்தப் பணத்தில் நடந்தன. நூற்றாண்டின் கடைசியில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியும் எழுந்தது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது பள்ளிக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் அந்தப் பள்ளியின் மாணவர்தான். முதலமைச்சரான பின் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியாக ஊர்மக்களிடமே பள்ளிக்கு உதவி கேட்டபோது, ஊர் கைகொடுக்கும் என்பதை அவர் சிறு வயதிலேயே கண்டிருந்தார்.

மகமையின் பலம் பணத்தின் அளவில் இல்லை என்றே நினைக்கிறேன். பெரிய மண்டிக்காரரும் சின்னக் கடைக்காரரும் உறவின்முறை என்ற தங்கள் சாதி அமைப்பின் கூட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்து அதற்குக் கணக்குக் கேட்டார்கள். கொடுத்தவரின் பிள்ளை அதே பள்ளியில் படித்ததால், ஓடு உடைந்தால் அன்றைக்கே தெரிந்தது. அது ஒரு சாதிக்குள் தொடங்கிய ஏற்பாடு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று அதை எடுத்துச் செய்கிறவர்கள் அந்த வேலியை விட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

ஒரே குடும்பம் ஊருக்கு ஒதுக்கியதும் உண்டு. கோவையில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கை அறத்துக்கு வைத்தார்கள். 1926இல் தோன்றிய அந்த அறநிலையத்தின் கல்லூரிகளையும் மருத்துவமனையையும் ஊர் இன்றும் பயன்படுத்துகிறது.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் காசோலையோடு வேலை முடிந்துவிடுகிறது. ஊர்க்கூட்டத்தில் முதலாளியின் நாற்காலி காலி. நம் கடைத்தெருவின் பெரும்பாலான கடைகள் அந்தச் சட்டத்துக்குள் வரவும் மாட்டா. அந்தக் கடைக்காரர்களை ஊரோடு கட்டிவைக்கச் சட்டம் எதுவும் இல்லை, அவர்கள் மனம்தான் உண்டு.

உங்கள் ஊர் வணிகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மகமையைப் பற்றிப் பேச்செடுங்கள். கடைக்கு மாதம் நூறு ரூபாய் போதும். எந்தப் பள்ளிக்கு, எந்தக் குளத்துக்கு என்பதை எல்லாச் சாதிக்காரரும் உட்கார்ந்த கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்; வேலை நடக்கும் இடத்துக்கு நீங்களே போய் நில்லுங்கள்.