படித்துச் செல்க

தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற மேல்விஷாரத்திலிருந்து சரக்குகள் கடல் கடந்து செல்கின்றன. அவ்வூர் மாணவரும் கடல் கடந்த நகரங்களைக் காண வேண்டும். ஒரு நாள் பயணத்தில் என்ன கற்க இயலும் எனச் சிலர் வினவுவர். முன்னரே படித்துச் சென்றால் ஒரு நாளும் பயன் தரும் என்பதே என் கருத்து.

இலங்கையின் தென்கரையிலுள்ள காலி நகரைச் சான்றாகக் கொள்வோம். போர்த்துகீசியர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய அதன் கோட்டை, 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. படியாது செல்வோர் மதிலையும் அலையையும் படமெடுத்துத் திரும்புவர். படித்தவரோ, 1911இல் அங்குக் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டையும் எண்ணிப் பார்ப்பர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய அக்கல் 1409ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் எனும் திருமாலையும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியையும் போற்றுகின்றன. அந்நாளைய கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த மதிப்பிற்கு இதுவே சான்று.

அக்கல்லோ, கண்டெடுக்கப்படும்வரை மதகொன்றின் மூடுகல்லாய்க் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் நடந்தவர் பலர்; அதனை அறிந்தவர் இலர். இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அதனைத் தேடிச் சென்று காண்பவர், அதைப் பற்றி முன்னரே படித்தவரே. ஆதலின், மாணவர்களே, சுற்றுலாவிற்குப் புறப்படுமுன் நூலகத்திற்குச் செல்லுங்கள்.