மலிவான ஊர்தான்... ஆனால் யாருக்கு? அமெரிக்கத் தெற்கின் சட்டநூகா நகரம் சொல்லும் கணக்கு

அமெரிக்காவில் படிக்கலாம், வேலை பார்க்கலாம் என்று யோசிக்கும்போது நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற ஊர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே வாடகை எவ்வளவு என்று பார்த்ததும் அடுத்த தேடல் தொடங்கிவிடும்: "செலவு குறைவான ஊர் எது?"

அப்படித் தேடும்போது அடிக்கடி கண்ணில் படுபவை தெற்கு மாநிலங்களின் நடுத்தர நகரங்கள். ஹன்ட்ஸ்வில், நாக்ஸ்வில், கிரீன்வில், சட்டநூகா...

பெருநகரங்களைவிட வாடகை குறைவு. மலையும் ஆறும் பக்கத்திலேயே. சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாத ஊர்களும் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே ஊரில் பிறந்து, அங்கேயே வேலை பார்க்கும் பலருக்கு வாழ்க்கை ஏன் கட்டுப்படியாகவில்லை?

டென்னசி மாநிலத்தின் சட்டநூகாவை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

எப்படிப்பட்ட ஊர்?

டென்னசியின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா மாநில எல்லையை ஒட்டி, டென்னசி ஆற்றங்கரையில் இருக்கிறது சட்டநூகா. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 181,000 பேர் வசிக்கிறார்கள். நகரத்தின் பரப்பளவு சிங்கப்பூரில் ஏறக்குறைய பாதி. மக்கள்தொகையோ நம்ம பிடோக் வட்டாரத்தைவிடக் குறைவு!

ஒரு காலத்தில் இது இரும்பு வார்ப்பாலைகள் நிறைந்த தொழில் நகரம். 1969ஆம் ஆண்டு சிபிஎஸ் செய்தியில் வால்டர் கிரான்கைட் இதை நாட்டிலேயே மிக அழுக்கான நகரம் என்று குறிப்பிட்டார். காற்று அந்த அளவுக்கு மோசம். அதற்குப் பிறகு ஆலைகள் பல மூடப்பட்டன, வேலைகளும் போயின.

நகரம் மெல்ல மெல்ல மீண்டது. 1992இல் ஆற்றங்கரையில் டென்னசி மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பழைய வால்நட் ஸ்திரீட் பாலம் பாதசாரிகளுக்கான பாலமாக மறுபடியும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வட அமெரிக்காவின் முதல் 'தேசியப் பூங்கா நகரம்' என்ற பெயரும் கிடைத்தது. லண்டனுக்கும் அடிலெய்டுக்கும் பிறகு அந்தப் பெயரைப் பெற்ற ஊர் இது.

பிளஸ் 1: நகரமே நடத்தும் அதிவேக இணையம்

இங்கே இணையச் சேவை தருவது ஊரின் சொந்த மின்சார நிறுவனமான ஈபிபி. 2010இல் அது தன் சேவைப் பகுதி முழுவதற்கும் விநாடிக்கு 1 கிகாபிட் வேக இணையத்தைக் கொண்டுவந்தது. அப்போது அமெரிக்காவின் பெரிய ஊர்களில்கூட அது அபூர்வம்.

மின்கம்பிக் கட்டமைப்பை நவீனப்படுத்த மத்திய அரசாங்கம் 111 மில்லியன் டாலருக்கும் மேல் மானியம் தந்தது. அந்த வேலைக்காகப் போட்ட கண்ணாடி இழை வடம் வீட்டு இணையத்துக்கும் பயன்பட்டது. சட்டநூகாவில் உள்ள டென்னசி பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் பென்டோ லோபோ 2020இல் ஒரு கணக்குப் போட்டார். முதல் பத்தாண்டில் இதனால் ஊருக்குக் கிடைத்த பலன் சுமார் 2.69 பில்லியன் டாலர், உருவான வேலைகள் ஏறக்குறைய 9,500 என்றது அவருடைய ஆய்வு.

பலன் வசதியானவர்களோடு நின்றுவிடவில்லை. 2020இல் கொவிட் காலத்தில் பள்ளிகள் மூடியபோது, வசதி குறைந்த குடும்பங்களின் மாணவர்கள் சுமார் 28,000 பேருக்கு இலவச இணையம் தரும் திட்டம் தொடங்கியது. ஊர் சிறியது, நிறுவனம் ஊருக்குச் சொந்தமானது. அதனால் முடிவு எடுப்பது சுலபமாக இருந்தது.

பிளஸ் 2: பக்கத்திலேயே எல்லாம்

மலையேற்றம், பாறையேற்றம், படகு எல்லாவற்றுக்கும் சற்று நேரம் கார் ஓட்டினால் போதும். நகர மையத்தில் இலவச மின்சாரப் பேருந்து ஓடுகிறது. பெரிய வேலைதருநர்களும் இருக்கிறார்கள்: ஃபோக்ஸ்வேகன் கார் ஆலை, யூனம் காப்புறுதி நிறுவனத்தின் தலைமையகம், எர்லாங்கர் மருத்துவமனை.

சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. மத்திய அரசாங்க வரி மட்டும் எங்கே போனாலும் உண்டு.

சரி, அப்படியென்றால் எங்கே சிக்கல்?

மைனஸ் 1: வருமான வரி இல்லை, ஆனால் விற்பனை வரி உண்டு

அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்தாவது வரவேண்டுமே! டென்னசியில் அது பெரும்பாலும் கடைவழியாக வருகிறது. மாநில விற்பனை வரி 7 விழுக்காடு. அதோடு உள்ளூர் வரி 2.25 விழுக்காடு. ஆக, சட்டநூகாவில் ஒரு சட்டையோ கைப்பேசியோ வாங்கினால் 9.25 விழுக்காடு வரி. சிங்கப்பூரின் 9 விழுக்காடு பொருள், சேவை வரியைவிடச் சற்று அதிகம்.

மளிகைச் சாமான்களுக்கு மாநில வரி 4 விழுக்காடு. உள்ளூர் வரியையும் சேர்த்தால் 6.25 விழுக்காடு. 100 டாலருக்கு அரிசி, பால், காய்கறி வாங்கினால் 6 டாலர் 25 காசு வரியாகப் போகிறது.

இப்போது இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்க. ஆண்டுக்கு 100,000 டாலர் சம்பாதிப்பவர், மாநில வருமான வரி இல்லாததால் பல ஆயிரம் டாலர் மிச்சம் பிடிக்கலாம். குறைந்த சம்பளக்காரர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் பெரிதாக வருமான வரி கட்டியிருக்க மாட்டார். ஆனால் மளிகைக் கடையில் இருவருக்கும் வரி விகிதம் ஒன்றுதான். கையில் வரும் பணத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே ஆகவேண்டியவருக்குச் சுமை கூடுதல்.

மைனஸ் 2: சம்பளமும் "மலிவு"

டென்னசிக்கு என்று தனிக் குறைந்தபட்ச ஊதியம் இல்லை. மத்திய அரசாங்கத்தின் மணிக்கு 7.25 டாலர்தான் சட்டப்படியான அடிமட்டம். அது 2009இலிருந்து மாறவில்லை. வாரம் 40 மணி நேரம், 52 வாரமும் விடுப்பில்லாமல் உழைத்தால் ஆண்டுக்கு 15,080 டாலர். பல வேலைகளில் இதைவிட அதிகம் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அடிமட்டம் தாழ்வாக இருக்கும்போது பேரம் பேசும் பலம் குறைகிறது.

ஃபோக்ஸ்வேகன் ஆலை நல்ல உதாரணம். 2011இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையைக் கொண்டுவர, 500 மில்லியன் டாலருக்கும் அதிகமான சலுகைகள் தரப்பட்டன. தொழிற்சங்கம் வேண்டுமா என்று ஊழியர்கள் 2014, 2019 ஆண்டுகளில் வாக்களித்தார்கள். இரண்டு முறையும் சங்கம் தோற்றது. 2024 ஏப்ரலில் மூன்றாவது வாக்கெடுப்பு. அதற்குச் சற்று முன்பு டென்னசி உட்பட ஆறு தெற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சங்கத்துக்கு எதிராகக் கூட்டறிக்கை விட்டார்கள். ஆனாலும் வாக்களித்தவர்களில் 73 விழுக்காட்டினர் சங்கத்தை ஆதரித்தார்கள்.

தெற்கு மாநிலங்கள் பல ஆண்டுகளாக முதலீட்டாளர்களைக் கவர்ந்ததில் குறைந்த கூலிக்கும் பலமில்லாத தொழிற்சங்கங்களுக்கும் பங்கு உண்டு. ஊர் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போ, மலிவு யாருக்கு?

வீட்டு வாடகையை முடிவு செய்வது அந்த ஊருக்கு வர விரும்புகிறவர்களின் கையிலுள்ள பணம். சம்பளத்தை முடிவு செய்வது அந்த ஊரின் முதலாளிகள். இரண்டும் ஒன்றாக நகரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கொவிட் காலத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பலர் பெருநகரச் சம்பளத்தோடு இத்தகைய ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுக்கு எல்லாமே மலிவு. ஆனால் அவர்கள் வந்ததால் வீட்டு விலைக்கு ஏற்பட்ட அழுத்தத்தை உணர்வது, உள்ளூர்ச் சம்பளத்தில் வாழும் தாதியும் ஆசிரியரும் உணவகப் பணியாளரும்தான்.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. சிங்கப்பூரில் சம்பளம் வாங்கி ஜோகூர் பாருவில் வீடு எடுப்பவருக்கு அந்த ஊர் மலிவு. ஜோகூரிலேயே ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

மைனஸ் 3: நகரம் நினைத்தாலும் மாநிலம் விடாது

சட்டநூகா தன் குறைந்தபட்ச ஊதியத்தைத் தானே உயர்த்தலாமே? முடியாது. தனியார் நிறுவனங்களுக்கு நகரங்கள் அப்படி ஊதிய வரம்பு வகுப்பதை மாநிலச் சட்டம் தடுக்கிறது.

இணையத்திலும் இதே நிலைதான். ஈபிபி தன் மின்சாரச் சேவைப் பகுதிக்கு வெளியே இணையம் தர மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2015இல் மத்திய தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கப் பார்த்தது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

உடல்நலமும் பாதுகாப்பும் இப்படித்தான். வசதி குறைந்தோருக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்புறுதியை விரிவுபடுத்தாத மாநிலங்களில் டென்னசியும் ஒன்று. 2021இலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமலேயே பெரியவர்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். 2022 ஆகஸ்ட்டிலிருந்து கருக்கலைப்புக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. இவற்றைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கலாம். ஆனால் நகரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், பாதிப் படத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

மைனஸ் 4: கார் இல்லாமல் கஷ்டம்

1941இல் கிளென் மில்லர் இசைக்குழு பாடி உலகப் புகழ் பெற்ற 'சட்டநூகா சூ சூ' ஒரு ரயில் பாட்டு. ஆனால் அந்த நிலையத்திலிருந்து கடைசிப் பயணிகள் ரயில் புறப்பட்டது 1970இல்! அட்லாண்டா, நேஷ்வில், மெம்ஃபிஸ் நகரங்களோடு சட்டநூகாவை ரயிலில் இணைக்கும் யோசனை, 2023இல் மத்திய அரசாங்கத்தின் ரயில்பாதைத் திட்டமிடல் பட்டியலில் இடம்பெற்றது. ரயில் இன்னும் வரவில்லை.

நகர மையத்தைத் தாண்டினால் கார் அவசியம். கார் விலை, காப்புறுதி, எண்ணெய், பழுது எல்லாவற்றையும் கூட்டினால், வாடகையில் மிச்சமானதில் ஒரு பங்கு அங்கே போய்விடும். அட்லாண்டாவுக்கும் நேஷ்வில்லுக்கும் காரில் ஏறக்குறைய 2 மணி நேரம். அட்லாண்டாவுக்கு அருகே ரிவர்டேல் இந்துக் கோயிலும் நேஷ்வில்லில் கணேசர் கோயிலும் இருக்கின்றன. பண்டிகை நாளில் பெரிய கூட்டத்தோடு இருக்கவேண்டும் என்றால் அந்தப் பயணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்க.

"தெற்கு" என்றால் வெறும் திசை இல்லை

மாலையில் மக்கள் நடைபோகும் அந்த வால்நட் ஸ்திரீட் பாலத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1906இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரைச் சிறையிலிருந்து இழுத்து வந்த கும்பல், அந்தப் பாலத்தில்தான் அவரைக் கொன்றது. அவருடைய மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்திருந்தது. உத்தரவை மீறியதற்காக ஷெரிஃப் உள்ளிட்டோரை உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது. அது நடத்திய ஒரே குற்றவியல் விசாரணை அதுதான்.

2021இல் பாலத்தின் அருகே எட் ஜான்சனுக்கு நினைவிடம் திறக்கப்பட்டது. 115 ஆண்டு கழித்து ஊர் அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்கிறது. சிறுபான்மையினராக அங்கே குடியேற நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் தெரிந்துகொள்வது நல்லது.

நமக்கு முக்கியமான ஒரு விஷயம்: அந்த 60 நாள்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்1பி1 என்ற தனி வேலை விசா இருக்கிறது. ஆண்டுக்கு 5,400 வரை கிடைக்கும். மலேசியர்களுக்கு அந்த வசதி இல்லை, எச்1பி குலுக்கலில்தான் போட்டியிடவேண்டும். இரண்டுமே உங்கள் முதலாளியோடு கட்டப்பட்ட விசா.

வேலை போனால், அமெரிக்காவில் தங்கியிருந்து அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அட்லாண்டாவில் உங்கள் துறையில் பல நிறுவனங்கள் இருக்கும். 181,000 பேர் வாழும் ஊரில் இரண்டோ மூன்றோதான் இருக்கலாம். 60 நாளில் வேலை கிடைக்கவில்லை என்றால் ஊரை மட்டும் இல்லை, நாட்டையே விட்டு வரவேண்டியிருக்கும். வாடகை ஒப்பிடும் செயலிகள் இந்த அபாயத்தைக் காட்டாது.

முடிவெடுக்கும் முன் கேட்கவேண்டிய 4 கேள்விகள்

1. என் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அந்த ஊரிலிருந்தா, வெளியிலிருந்தா? வெளிச் சம்பளம் நின்றுபோய் உள்ளூர்ச் சம்பளத்தில் வாழவேண்டி வந்தால் சமாளிக்க முடியுமா?

2. வாடகை, கார், விற்பனை வரி, மருத்துவக் காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மிச்சம் இருக்கிறதா?

3. என் துறையில் அந்த ஊரில் எத்தனை முதலாளிகள்?

4. எனக்கு முக்கியமான சட்டங்களை எழுதுவது நகரமா, மாநிலமா?

இந்த நான்குக்கும் நல்ல பதில் இருந்தால் சட்டநூகா போன்ற ஊர் உண்மையிலேயே அருமையான வாய்ப்பு. வேகமான இணையம், மலைக்காற்று, ஓரளவு நிதானமான வாழ்க்கை எல்லாம் கிடைக்கும். முதல் கேள்விக்கே பதில் தடுமாறினால் கொஞ்சம் பொறுங்க. அந்த ஊரின் வேலை விளம்பரங்களில் உங்கள் துறைக்கு என்ன சம்பளம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்க. வீட்டு விளம்பரத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.