சனி எங்கே இருக்கிறது?

2025 மார்ச் 29 அன்று சனி மீன ராசிக்குப் போய்விட்டதாகத் தொலைக்காட்சி ஜோதிடர்கள் பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்லி முடித்திருந்தார்கள். திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ அன்றைக்குப் பெயர்ச்சி விழா கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அங்கே வாக்கியப் பஞ்சாங்கம்தான் வழக்கம்; அதன்படி பெயர்ச்சி 2026 மார்ச் 6. அதற்கு முந்தைய கும்பப் பெயர்ச்சியிலும் இதே கதைதான். நவீன வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கம் 2023 ஜனவரி 17 என்றது, வாக்கியம் அதே ஆண்டு டிசம்பர் 20 என்றது. ஒரே கோள் ஒரே வீட்டில் குடிபுக இரண்டு தேதி, நடுவே பதினோரு மாதம். ஏழரை முடிந்ததா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று ஒரு ராசிக்காரர் குழம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மதத்துக்கும் அறிவியலுக்கும் மோதல் என்றதும் எல்லோருக்கும் கலிலியோ நினைவுக்கு வருகிறார். 1633-இல் ரோம் நகரில் மண்டியிட்டு, பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாகச் சொன்ன முதியவர். பஞ்சாங்க விவகாரத்தில் அப்படி ஒரு காட்சி நம்மிடம் இல்லை. இரண்டு கணக்கும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன; வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். சண்டையே மூளாததால்தான் இது இத்தனை காலம் தீராமல் கிடக்கிறது. வாக்கியக் கணக்கை அறிவியலின் எதிரி என்று ஏசுவது சுலபம். ஆனால், அது முதலில் விலகிப் போனது நவீன அறிவியலைவிட்டு அன்று. தன்னை உருவாக்கியவர்களின் பழக்கத்தைவிட்டுத்தான்.

வாக்கியம் என்ற பெயருக்கே ஓர் அழகான காரணம் உண்டு. சந்திரன் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அதன் வேகம் ஏறி இறங்கும் சுற்று 248 நாளில் மிக நெருக்கமாக ஒன்பது முறை முடிந்துவிடும். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 சிறு வடமொழித் தொடர்களை அமைத்தார்கள். கடபயாதி முறைப்படி அந்த எழுத்துகளை எண்ணாக்கினால் சந்திரன் நிற்கும் இடத்தைப் பெறலாம். வரருசியின் பெயரால் வழங்கும் இந்தத் தொடர்களை மனப்பாடம் செய்தவருக்கு ஓலையும் எழுத்தாணியும்கூட வேண்டியதில்லை. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண வந்து புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வானியலர் லெ ழந்தீல், தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு சோதித்துப் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் பெருமைக்குரிய மேயர் அட்டவணையோ 68 விநாடி கூடிவிட்டது. பெருமைப்பட வேண்டிய இடம், சந்தேகமில்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்ற நூலில் ஜான் வாரன் இன்னொரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி நகர்த்தி, நினைவிலிருந்த அட்டவணையை மட்டும் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்தக் கணக்கில் தொடக்கம் 4 நிமிடம் பிசகியது. நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். அவருக்கு நினைவாற்றல் அபாரம், கணக்கின் அடிப்படைக் கொள்கை மட்டும் தெரியாது என்கிறார் வாரன். ஒரு முறை நூலிழையில் பொருந்தும் கணக்கு மறுமுறை முக்கால் மணி நேரத்துக்கு மேல் தவறுகிறது. எதனால் என்று கேட்க, கணக்கைக் கையில் வைத்திருப்பவருக்கே வழியில்லை. மனப்பாடத்தின் பலமும் ஊனமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன.

அந்த மரபின் மூத்தவர்கள் இப்படி இருக்கவில்லை. கேரளத்தில் நிளா ஆற்றின் பக்கம் வாழ்ந்த வடசேரி பரமேசுவரர் அரை நூற்றாண்டுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்தார். அன்று வழக்கில் இருந்த பரகிதக் கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற திருத்திய முறையைத் தந்தார். திருக் என்றால் பார்வை. பார்த்துச் சரிசெய்த கணக்கு என்பதுதான் பொருள். அவருக்குப் பின் வந்த நீலகண்ட சோமயாஜி, பெயரே சொல்வதுபோல், சோம யாகம் செய்த நம்பூதிரி. வைதிகத்தில் அவரைவிடக் கறாரானவரைத் தேட முடியாது. அவரே ‘ஜோதிர்மீமாம்சை’யில், பார்வைக்கு ஒவ்வாத சித்தாந்தத்தைச் சோதித்துத் திருத்த வேண்டும் என்று வாதிட்டார். சடங்குக்குச் சரியான நேரம் வேண்டும் என்ற பக்திதான் அவர்களை வானம் பார்க்க வைத்தது. பிற்காலத்தில் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியும் அந்த வரிசைதான். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அதே மனிதர், திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார்.

இன்றைய வாக்கியப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். கிரகண நேரத்தை மட்டும் நவீனக் கணக்கிலிருந்து எடுத்துப் போடுவது பலரிடம் நெடுநாள் வழக்கம். காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரகணம் தெருவில் நிற்கிற பையனுக்கும் தெரியும்; ஐம்பது நிமிடம் தவறினால் மானம் போய்விடும். திதியில் அந்தப் பயம் இல்லை. பழைய சந்திரக் கணக்கு அமாவாசை, பௌர்ணமியில் ஓரளவு பொருந்தி, அஷ்டமியை ஒட்டித்தான் அதிகம் விலகும். வித்தியாசம் சில மணி நேரம்வரை போகும். அஷ்டமி எப்போது பிறந்தது என்று அண்ணாந்து பார்த்துச் சொல்ல யாரால் முடியும்? சனியை இன்னும் குறைவானவர்களே பார்க்கிறார்கள். 2023 டிசம்பர் 20 மாலை, மேகம் மறைக்காத ஊர்களில் சனி தென்மேற்கு வானில் வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்கும். திருக்கணிதம் சொல்லும் எல்லையை அது ஏறத்தாழ எட்டுப் பாகை தாண்டியிருந்தது. முழு நிலவுகளைப் பதினாறு வரிசையாக ஒட்டிவைத்தால் வரும் தூரம் அது.

நம்பிக்கையில் தேதி ஒரு வழக்கம்தானே, வழக்கத்துக்குக் கணக்குப் பார்ப்பானேன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரஷ்யத் திருச்சபை இன்றும் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7-இல்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறது. அதனால் யாருக்கும் நட்டமில்லை. திருநள்ளாற்றில் நளன் குளத்தில் எந்த நாளில் முழுக வேண்டும் என்று கோயில் மரபு தீர்மானிப்பதிலும் நமக்கு வழக்கில்லை. ஆனால் பஞ்சாங்கம் ‘இது எங்கள் வழக்கம்’ என்று எழுதுவதில்லை. இன்ன நாள் இத்தனை நாழிகைக்குச் சனி இந்த ராசியில் நுழைகிறது என்று அச்சடிக்கிறது. அது வானத்தைப் பற்றிய வாக்குமூலம்; வானத்தைப் பார்த்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தார், திருக்கணிதம் விஞ்ஞானப்பூர்வமானது, ஆகவே அதில் சொல்லும் பலன் பலிக்கும் என்கிறார்கள். இது முன்னதைவிட மோசம். கோளின் இடத்தைத் துல்லியமாகச் சொல்வதற்கும், அந்தக் கோள் ஒருவர் சம்பளத்தைப் பிடித்துவைக்கும் என்பதற்கும் ஒட்டுறவில்லை. ராசி எல்லை வானத்தில் கோடு போட்டு வைத்ததும் இல்லை. அது மனிதர் வகுத்தது. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1955-இல் தந்த அறிக்கையில், ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதை முடிவுசெய்யும் அயனாம்சத்துக்கு ஒரு பொது அளவைப் பரிந்துரைக்க வேண்டியிருந்ததே அதனால்தான். தவிர, உத்தராயணம் தை முதல் நாள் என்பதில் இரண்டு பஞ்சாங்கங்களும் ஒற்றுமை. ஊரில் ஒரு குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளந்துகொண்டே வந்தால், அது மிக நீண்டு மறுபடி குறையத் தொடங்குவது டிசம்பர் 22 வாக்கில். பொங்கலுக்கு மூன்று வாரத்துக்கு மேல் முன்பே சூரியன் வடக்கே திரும்பிவிடுகிறது. இரண்டு நாளும் சேர்ந்திருந்து ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஆகின்றன.

முன்னோர் கணக்கில் கைவைப்பது அபசாரம் என்பது மூன்றாவது வாதம். எந்த முன்னோர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. வரருசி வாக்கியங்களையே பின்னர் சங்கமகிராமத்து மாதவர் இன்னும் நுணுக்கமாக, விகலை என்ற நுண்ணிய கோண அளவு வரைக்கும் செப்பம் செய்தார். அவரை யாரும் மரபைக் கெடுத்தவர் என்று சொல்லவில்லை. அவர் பெயரை இன்று உலகக் கணித வரலாறு மதிக்கிறது.

பஞ்சாங்கக் கணிதர்களும் கோயில் நிர்வாகங்களும் வானியலரோடு ஒரு சதசில் உட்கார்ந்து பேசலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. வாக்கியத் தேதிக்குப் பக்கத்தில், வானில் கோள் இருக்கும் இடம் இது என்று ஒரு வரி சேர்த்தாலே போதும். மூலத்தைத் தேடி அலையவும் வேண்டாம். கிரகண நேரம் தரும் அந்த நவீன வானியல் பஞ்சாங்கத்திலேயே சனியின் இடமும் நாள்வாரியாக அச்சாகியிருக்கிறது, சில பக்கம் தள்ளி.