மாநாடு எந்த ஊரில்?

ஒரு கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு ஊர் தேர்வு செய்யும் கூட்டத்தில் அண்மையில் நானும் இருந்தேன். பெரும்பாலானவர்கள் பெங்களூரு என்றார்கள். நான் விழுப்புரம் என்றேன். "அங்க யாரு வருவா?" என்று சிரித்தார் ஒரு தோழர்.

அந்த 'யாரு'வில்தான் எல்லாம் இருக்கிறது. நிறுவனம் டிக்கெட் போட்டு அனுப்பும் ஆட்கள்தான் அவர் கணக்கில் வருகிறவர்கள். திண்டிவனத்திலிருந்து பேருந்து ஏறி வரக்கூடிய கல்லூரி மாணவி அதில் இல்லை. பெங்களூரு என்றால் அவளுக்கு இரவுப் பேருந்து, அறை வாடகை, வீட்டில் அனுமதி என்று மூன்று தடைகள். முதல் இரண்டுக்கும் நிதி திரட்டலாம். மூன்றாவதற்கு?

விழுப்புரம் என் கற்பனையும் அல்ல. டெபியன் சமூகத்தின் மினி டெப்கான்ஃப் 2023 ஜனவரியில் அங்கேதான் நடந்தது. அதே ஆண்டு உலக டெப்கான்ஃப் கொச்சிக்கு வந்தது. 2009இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியாவோ தமிழ்நாட்டுக்கு வர 2019 ஆனது. அதுவும் சென்னைக்கு.

நமக்கு இது புதிய விவாதமா என்ன? சுயமரியாதை இயக்கத்தின் முதல் மூன்று மாகாண மாநாடுகள் 1929இல் செங்கற்பட்டிலும் 1930இல் ஈரோட்டிலும் 1931இல் விருதுநகரிலும் நடந்தன. ஒன்றுகூடச் சென்னை நகரில் இல்லை. (செங்கற்பட்டு பக்கம்தானே என்பீர்கள். இருக்கட்டும்.)

அதற்காகச் சின்ன ஊரைப் புனிதமாக்க நான் தயாரில்லை. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை எப்படி விமர்சித்தார் என்று தெரியும். யாரென்று தெரியாமல் நடமாடும் சுதந்திரம் நம்மில் பலருக்குப் பெருநகரத்தில்தான் கிடைத்தது. சின்ன ஊரில் "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். பல மண்டபங்கள் சாதிச் சங்கங்களுடையவை. ஆனால் பெருநகரத்திலும் 'சைவம் மட்டும்' என்று நிபந்தனை போடும் அரங்குகள் உண்டே! அதை மட்டும் 'வசதியான இடம்' என்று எப்படி எழுதிக்கொள்கிறோம்? இருக்கை எண்ணிக்கையும் இணைய வேகமும் கேட்கும் நம் படிவத்தில், அரங்கு யாருடையது, அங்கே என்ன சமைக்கலாம் என்ற கேள்விகளே இல்லை.

வாக்கெடுப்பில் பெங்களூரு வென்றது. இரண்டே வாக்கு. அந்த இரண்டு கேள்விகளையும் படிவத்தில் சேர்க்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள். சிரித்த தோழரும் நானும் ஒருநாள் பயிலரங்குக்காக அடுத்த வாரம் விழுப்புரத்தில் ஒரு கூடம் பார்க்கப் போகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு பிரியாணி போடலாமா என்று முதலில் கேட்க வேண்டும்.